முதுகுத் தண்ணீருக்குச் சொந்தக்காரர்கள்

காசியானோவின் அம்மாவும் என் அம்மாவும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள். என் அம்மா மூத்தவள், அவன் அம்மா கடைக்குட்டி, நடுவில் ஒன்று பிறந்து தங்கவில்லை. ஆகையால் அவன் எனக்குத் தம்பி, நான் அவனுக்கு அக்கா. எங்களில் தாய் வழிதான் குடும்பம். தகப்பன் வழி என்பது மரியாதை செய்ய வேண்டிய வேறு வீடு. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் நான் சொல்லப்போவது எல்லாம் விளங்கும்.

அடையாள அட்டைப்படி காசியானோ டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி பிறந்தவன். நானும் அன்றுதான். எங்கள் ஊரில் பாதிப் பேர் அன்றுதான். அட்டை எழுத வந்த அதிகாரி ஒரு அலிஹுனா. எங்கள் இனத்தவர் அல்லாத எல்லாரும் எங்களுக்கு அலிஹுனாதான். அவர் வெயிலில் ஆளாளுக்குத் தேதி கேட்டுச் சலித்துப்போய், வரிசையில் நின்ற எல்லாருக்கும் வருஷக் கடைசி நாளைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். அந்த ஒரே ராத்திரியில் எங்கள் தாய்மார் அத்தனை பேரும் சேர்ந்து வலியெடுத்துக் கிடந்ததாக அரசாங்கம் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறது.

காசியானோ முதலில் உப்பளத்தில் மூட்டை தூக்கினான். பிறகு ஊர் ஆஸ்பத்திரியில் ஆள் தூக்கினான். ஆள் மூட்டையைவிடக் கனம் குறைவு, ஆனால் பேசுகிறது, அதுதான் கஷ்டம் என்பான். காகிதத்தில் அவன் வேலைக்குப் பெயர் பொது உதவியாளர். உண்மையில் அவன் வேலை பிடிப்பது.

காய்ச்சல் மூளைக்குள் இறங்கிவிட்டால், இறங்கியது எது என்று வெளியிலிருந்து தெரியாது. அதற்கு இடுப்புக்குச் சற்று மேலே, முதுகெலும்பின் இரண்டு கணுக்களுக்கு நடுவில் நீள ஊசியை விட்டு, உள்ளே ஓடுகிற தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் பிடிப்பார்கள். எடுத்து முடிகிறவரை ஆள் அசையக் கூடாது. காய்ச்சலில் பிதற்றுகிறவனிடம் அசையாதே என்று சொல்லிப் பாருங்கள். காசியானோ வேலைக்குச் சேர்ந்த மாதமே ஒரு மீனவன் ஊசியோடு எழுந்து வராந்தாவுக்கு ஓடிவிட்டான். அவனைத் துரத்திப் பிடித்து, ஆட்டுக்குக் குளம்பு வெட்டப் பிடிக்கிற மாதிரி முழங்காலையும் பிடரியையும் ஒரே அணைப்பில் சுருட்டிப் படுக்க வைத்தது காசியானோதான். அன்றிலிருந்து எந்த டாக்டர் வந்தாலும் ஊசிக்கு முன்னால் அவனைத்தான் தேடினார்கள். அவன் ஆளைச் சுருட்டிக்கொண்டு, காதோரத்தில் ஏதாவது கதை விட்டுக்கொண்டே இருப்பான். பாதிப் பேர் ஊசி வலித்ததைவிட அவன் கதை முடியாமல் போனதற்குத்தான் வருத்தப்பட்டார்கள்.

நாளாக ஆகத் தண்ணீரைப் பார்த்தே அவன் சொல்ல ஆரம்பித்துவிட்டான். மோர் மாதிரிக் கலங்கியிருந்தால் கிருமி, டாக்டர்கள் பாக்டீரியா என்பது. ஊற்றுத் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தால் வைரஸ். கிருமி காத்திருக்காது, கொன்றுவிடும், ஆனால் அதற்கு மருந்து உண்டு. வைரஸுக்கு மருந்து கிடையாது. அது வந்த விருந்தாளி மாதிரி, பிரியப்பட்டால் போகும், இல்லாவிட்டால் வீட்டையே எடுத்துக்கொள்ளும். தெளிவாக இருக்கிறது என்று கேட்டதும் சொந்தக்காரர்கள் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். டாக்டருக்குத்தான் முகம் தொங்கும்.

ஆனால் அவன் கெட்டிக்காரத்தனம் பிடிப்பதில் இல்லை, பேச்சில் இருந்தது. எங்களில் சதை தாய் கொடுத்தது, ரத்தம் தகப்பன் கொடுத்தது. ஒருவன் தன் கத்தியால் தானே விரலை வெட்டிக்கொண்டாலும் தகப்பன் வீட்டாருக்குத் தகவல் சொல்லி, மரியாதை செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அவர்கள் பேச்சுக்காரரை அனுப்புவார்கள். பேச்சுக்காரர் என்பவர் இரண்டு வீட்டுக்கும் நடுவில் சொல்லைச் சுமந்துகொண்டு நடக்கிற பெரிய மனிதர். அவர் தொப்பியைக் கழற்றி உட்கார்ந்துவிட்டால் விவகாரம் ஆடு மாடில் வந்துதான் முடியும். இப்படிப்பட்ட ஜனங்களிடம் போய் உங்கள் பிள்ளை முதுகில் ஊசி போட வேண்டும் என்றால் என்ன ஆகும்? பகலில் சரி என்று தலையாட்டிவிட்டு, ராத்திரியில் நோயாளியைத் தூளியோடு தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். எங்களில் பெரியவர்களுக்கும் தூளிதான் கட்டில்.

இதற்குக் காசியானோ ஒரு சட்டம் கண்டுபிடித்தான். முதுகுத் தண்ணீர் சதையும் இல்லை, ரத்தமும் இல்லை. மழைத்தண்ணீர் மாதிரி. யாருக்கும் சொந்தமில்லை. யாருக்கும் சொந்தமில்லாததை எடுப்பதற்கு யாரிடம் கேட்பது?

பதினான்கு வருஷம் அந்தச் சட்டம் நின்றது. எங்கள் மொழி தெரியாத டாக்டர்கள் அவன் ஏதோ ஆறுதல் சொல்கிறான் என்று நினைத்தார்கள். ஆஸ்பத்திரித் தலைவர் அவனுக்குப் பொறுமைக்கான பாராட்டுப் பத்திரம்கூடக் கொடுத்தார். அவன் கதவருகில் நின்று வழக்காடுகிறான் என்பது ஒருவருக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரி வாசல் கருவேல மரத்தடியில் நான் காப்பியும் சோள அடையும் விற்றுக்கொண்டிருந்தேன். அதனால் எல்லாம் என் காதில் விழும். ஒரு தடவை செனோன் என்ற பெரியவர் தன் ஆள் ஒருவனைக் கொண்டுவந்தார். தண்ணீரோடு ஒரு சொட்டு ரத்தமும் வந்துவிட்டது. செனோன் வாயைத் திறப்பதற்குள் காசியானோ சொன்னான்.

"பெரியவரே, கொசு கடிச்சாலும் இவ்வளவு ரத்தம் போகும். கொசு வீட்டுக்குப் பேச்சுக்காரர அனுப்பறீங்களா?"

மரத்தடியே சிரித்தது. செனோன் சிரிக்கவில்லை. எழுந்து மெதுவாக வேட்டியிடுப்பை இறுக்கிக்கொண்டு போனார். எங்களில் சிரிக்காமல் போகிறவரைக் குறித்துத்தான் பயப்பட வேண்டும்.

தொண்ணூற்றைந்தாம் வருஷம் மழை வந்தது. எத்தனையோ வருஷம் வராதது மொத்தமாக வந்தது. குழி எல்லாம் குளம், குளம் எல்லாம் கொசு. முதலில் கழுதைகள் தலையைத் தொங்கப்போட்டுச் சுற்றிச் சுற்றி நடந்து விழுந்தன. அரசாங்கம் கழுதைகளுக்குத் தடுப்பூசி போட ஆள் அனுப்பியது. அவர்கள் வருவதற்குள் ஊசி போட்டுக்கொள்ளக் கழுதை இல்லாமல் போனதால், செத்தவற்றின் பட்டியலை எழுதிக்கொண்டு போனார்கள். அப்புறம் மனிதர்கள் விழ ஆரம்பித்தார்கள். தலைவலி, கொதிக்கிற காய்ச்சல், பிதற்றல், இழுப்பு. வராந்தா முழுக்கத் தூளி கட்டினார்கள். காசியானோ ஒரு நாளைக்கு எட்டுப் பேரைப் பிடித்தான், பத்துப் பேரைப் பிடித்தான். எட்டுப் பத்துத் தடவை அதே சட்டத்தைச் சொன்னான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவனுடைய கூடப்பிறந்த அக்கா தெல்மீரா, தன் மகள் நெல்கிதாவை லாரியில் போட்டுக் கொண்டுவந்தாள். நெல்கிதாவுக்குப் பதினாறு வயது. பை பின்னுவதில் அவள் விரலுக்கு ஈடு கிடையாது. மாமன் அருகில் வந்ததும் அவனை உற்றுப் பார்த்து, "நீ ஏன் எங்க கூரை மேல உக்காந்திருக்க, இறங்கு" என்றாள். காசியானோ எத்தனையோ பிதற்றல் கேட்டவன். அன்றைக்கு அவன், "இறங்கிட்டேன்டி" என்று சொல்லிக்கொண்டே அவளைத் தூக்கி உள்ளே கொண்டுபோனான்.

அப்போது இருந்த டாக்டர் பெர்னாந்தா மலைநாட்டுப் பெண். படிப்பை முடித்தவர்கள் ஒரு வருஷம் கிராமப் பக்கம் வேலை செய்தாக வேண்டும் என்ற சட்டத்தால் எங்களிடம் வந்து சேர்ந்தவள். மூன்று வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை. நெல்கிதாவின் கழுத்தைத் தூக்கிப் பார்த்தாள். கழுத்து மடங்கவில்லை, உடம்பே சேர்ந்து வந்தது.

"காசியானோ, இது மத்தவங்க மாதிரி தெரியல. கழுத்து கட்டையா இருக்கு. கிருமியா இருக்கலாம். கிருமின்னா இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள மருந்து ஏறணும்."

"ஏத்திடுங்க டாக்டரம்மா."

"மூணு ஆளுக்குத்தான் மருந்து இருக்கு. ரெண்டு பேருக்கு உறுதியாயிடுச்சு, ஏறிட்டிருக்கு. மிச்சம் ஒரு ஆளுக்கு. அந்தக் கடைசித் தூளியில இருக்கற பையனுக்கும் சந்தேகமாத்தான் இருக்கு. தண்ணி எடுத்துப் பாக்காம நான் யாருக்குக் கொடுக்கறது?"

சம்மதக் காகிதம் வந்தது. அதில் தாய்க்கு ஒரு கட்டம், தகப்பனுக்கு ஒரு கட்டம், பாதுகாவலருக்கு ஒரு கட்டம். தாய்மாமனுக்குக் கட்டம் கிடையாது. எங்கள் சட்டத்தில் அவனுக்குத்தான் முதல் கட்டம். காசியானோ சாட்சி என்ற இடத்தில் தன் பெயரை எழுதிவிட்டு, நெல்கிதாவின் தகப்பன் அனிபாலிடம் காகிதத்தை நீட்டினான். அனிபால் நல்ல மனிதன், லாரி ஓட்டுகிறவன். காகிதத்தைத் தொடவில்லை.

"நான் போடறதுல என்ன இருக்கு மச்சான். ரத்தம் எங்க மாமா வீட்டு ரத்தம். அவரு வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும்."

"அது ரத்தம் இல்ல மச்சான். தண்ணி. யாருக்கும் சொந்தமில்ல."

"அத நீ அவர்கிட்டயே சொல்லு."

அனிபாலின் தாய்மாமன் வேறு யாரும் இல்லை, செனோன்தான்.

தகவல் போய், ஒன்பது மணிக்குப் பயணிகள் லாரியில் செனோன் வந்து இறங்கினார். கூடவே அனிபாலின் அக்கா இக்னாசியா. அவள் நடந்தால் தரை அதிரும், உட்கார்ந்தால் பெஞ்சு முனகும். இரண்டு பேரும் கருவேல மரத்தடியில் உட்கார்ந்தார்கள். நான் காப்பி கொடுத்தேன். சுற்றி மற்ற நோயாளிகளின் குடும்பங்கள், நாற்பது ஐம்பது பேர், வேறு வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

காசியானோ தன் சட்டத்தை முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை செனோன் காப்பியை ஊதி ஊதிக் குடித்தார்.

"நல்லாச் சொல்ற தம்பி. அன்னிக்கும் நல்லாத்தான் சொன்ன. கொசுகிட்டப் பேச்சுக்காரர அனுப்ப முடியாது, வாஸ்தவம். கொசுவுக்கு வீடு கிடையாது. உனக்கு வீடு இருக்கு, வாசல் எங்களுக்குத் தெரியும்."

"பெரியவரே, புள்ள அங்க கிடக்குது."

"அது எங்க ரத்தம்யா, எனக்குத் தெரியாதா? நான் ஊசி வேணாம்னா சொன்னேன்? போடுங்க. ஆனா நீ பிடிக்கக் கூடாது. தாய்மாமன் பிடிச்சு, அங்க சிவப்பா ஒரு சொட்டு வந்தா, உங்க வீடு எங்க ரத்தத்தச் சிந்தினதா ஆகும். அப்புறம் எனக்குப் பிடிக்குதோ இல்லையோ நான் பேச்சுக்காரர அனுப்பணும். இந்த வயசுல எனக்கு அது அலைச்சல். எங்க ஆளே பிடிக்கட்டும்."

"யாரு பிடிப்பா?"

"நான் பிடிக்கறேன்" என்றாள் இக்னாசியா. "கன்னுக்குட்டி பிடிச்சவதான் நான். என் மருமவளப் பிடிக்க மாட்டேனா?"

காசியானோவுக்கு வேறு வழி தெரியவில்லை. சம்மதித்தான். அதோடு விட்டிருக்கலாம். செனோன் இன்னொன்று கேட்டார்.

"எத்தன குப்பி எடுப்பீங்க?"

"மூணு" என்றான் காசியானோ. "ஒண்ணு கிருமி தேட. ஒண்ணு வெள்ளை அணு எத்தனைன்னு எண்ணிப் பாக்க. ஒண்ணு ஐஸ் பெட்டியில வெச்சுத் தலைநகரத்துக்கு."

"அப்ப சரியாப் போச்சு. ஒண்ணு உங்க வீட்டுக்கு, ஒண்ணு எங்க வீட்டுக்கு, ஒண்ணு அரசாங்கத்துக்கு. யாருக்கும் குறை இல்ல."

நேரம் ஓடிக்கொண்டிருந்தது. காசியானோ இது வெறும் பேச்சுக்குத்தான் என்று நினைத்துவிட்டான். பங்கு என்பது மரியாதைக்கு, குப்பி எப்படியும் ஆய்வு அறைக்குத்தானே போகப்போகிறது. "அப்படியே ஆகட்டும் பெரியவரே" என்றான்.

டாக்டரம்மா எட்டிப் பார்த்து, "என்ன சொல்றாங்க?" என்று கேட்டாள்.

"சம்மதம்னு சொல்றாங்க" என்றான்.

பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாகக் காசியானோ கதவுக்கு வெளியே நின்றான். உள்ளே இக்னாசியா. கதவிடுக்கில் வாயை வைத்து இவன் கத்திக்கொண்டிருந்தான்.

"முழங்கால மேல தள்ளுங்க. இன்னும். மோவாய் முட்டியில படணும். பிடரியில கை போடுங்க, தலைமயிர்ல இல்ல."

"எனக்குத் தெரியும், நீ வாயப் பொத்து."

"காதுல ஏதாவது சொல்லிட்டே இருங்க. பயப்படாம இருப்பா."

"என்னத்தச் சொல்றது?"

"எதையாவது."

பிறகு இக்னாசியாவின் குரல் கேட்டது. தன் வீட்டில் எந்தெந்த ஆடு எந்தெந்த மாதம் குட்டி போட்டது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நெல்கிதா அசையவில்லை. பதினேழாவது ஆட்டில் டாக்டரம்மா, "வந்துடுச்சு" என்றாள்.

முதல் குப்பியில் ஒரு சிவப்பு நூல் ஓடியது. ஊசி போகிற வழியில் பட்டது, அப்படி ஆவதுண்டு. அடுத்த இரண்டும் தெளிவு. டாக்டரம்மா மூன்றையும் மரக்கட்டையில் செருகிவிட்டு அடுத்த நோயாளிக்கு ஓடினாள். நர்ஸ் மூன்றாவதை எடுத்து ஐஸ் பெட்டிக்குக் கொடுத்தாள். ஜீப் பதினொரு மணிக்குத் தலைநகரத்து விமானத்தைப் பிடிக்கப் புறப்பட்டுப் போய்விட்டது. இரண்டாவதை, எண்ண வேண்டிய அவசரத்தில், ஆய்வு அறைக்காரரே வந்து வாங்கிக்கொண்டு போனார். முதல் குப்பியை இக்னாசியா எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டாள். நோயாளியைப் பிடிக்கிற ஆள்தான் குப்பியையும் கொண்டுபோவது அங்கே வழக்கம் என்பதால் நர்ஸ் ஒன்றும் கேட்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு டாக்டரம்மா வராந்தாவில் வந்து நின்றாள்.

"எண்ணிக்கை ரெண்டும்கெட்டானா இருக்கு காசியானோ. வைரஸுக்கு இது அதிகம், கிருமிக்கு இது கம்மி. முதல் குப்பியில சாயம் போட்டுக் கிருமி இருக்கான்னு பாத்தாத்தான் சொல்ல முடியும். எங்க அது?"

"ஆய்வு அறையில இருக்கும்."

"அங்க இல்ல."

"எண்ணின குப்பியில மிச்சம்?"

"அது கொஞ்சமாத்தான் வந்துது, தீந்துடுச்சு. மறுபடி எடுக்கணும்னா இன்னொரு ஊசி. கழுத்து இப்ப இன்னும் மோசமா இருக்கு, எனக்குப் பயமா இருக்கு."

காசியானோ மெல்ல மரத்தடியைத் திரும்பிப் பார்த்தான். பெஞ்சு காலியாக இருந்தது. நான் கையை நீட்டித் தெருமுனையைக் காட்டினேன்.

பயணிகள் லாரி நிறைந்தால்தான் புறப்படும். கடவுள் புண்ணியத்தில் அன்றைக்கு இரண்டு அரிசி மூட்டையும் ஒரு ஆடும் ஏற வேண்டியிருந்தது, அந்த ஆட்டுக்கு ஏற இஷ்டமில்லை. செனோன் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். குப்பி சட்டைக்குள், நெஞ்சோடு.

காசியானோ மூச்சிரைக்கப் போய் நின்றான். அவன் ஓடியதைப் பார்த்து மரத்தடிக் கூட்டமும் எழுந்து பின்னாலேயே போனது. நானும் அடுப்பை அணைத்துவிட்டுப் போனேன்.

"பெரியவரே, அந்தக் குப்பி வேணும்."

"எந்தக் குப்பி?"

"சட்டைக்குள்ள இருக்கறது."

"அது எங்க பங்கு. நீதானய்யா அப்படியே ஆகட்டும்னு சொன்ன. ரத்தம் கலந்திருக்கு, எங்க முன்னோர் கிடக்கற எடத்துல கொண்டுபோய் வைக்கப்போறோம்."

"அது வெறும் தண்ணி. யாருக்கும்..."

செனோன் காத்திருந்தார். கூட்டமும் காத்திருந்தது. ஆடுகூடக் கத்துவதை நிறுத்தியது.

"சொல்லு" என்றார் செனோன். "யாருக்கும் சொந்தமில்லாததுக்கு எதுக்குய்யா இந்த வெயில்ல ஓடி வர்ற?"

காசியானோ முதலில் கோபப்பட்டுப் பார்த்தான். போலீஸ் வரும் என்றான். "வரட்டும், அவனும் டிசம்பர் முப்பத்தொண்ணுதான்" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது. பிறகு டாக்டரம்மா கேட்கிறாள் என்றான். "அவ கேக்கட்டும், நல்ல பொண்ணு. இப்ப நீ கேக்கற. யாரா நின்னு கேக்கற?" என்றார் செனோன்.

அந்தப் பக்கம் தெல்மீரா வந்து நின்றிருந்தாள். தம்பியைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

காசியானோ தொப்பியைக் கழற்றினான். எத்தனையோ குடும்பங்களுக்கு முன்னால் அவன் தொப்பியோடுதான் பேசியிருக்கிறான்.

"என் அக்கா மகளோட தாய்மாமனா நின்னு கேக்கறேன். அந்தக் குப்பி உங்க பங்குதான். ரத்தமும் உங்களுது. சதை எங்களுது. தண்ணி ரெண்டு பேருக்கும் பொது. இத்தன நாளா நான் சொன்னது எனக்கு வசதிக்குச் சொன்னது. புள்ள பிழைக்கணும்னா அந்தக் குப்பி வேணும். கொடுங்க."

"உரக்கச் சொல்லு, பின்னால கேக்கல" என்றாள் இக்னாசியா லாரியின் மேலிருந்து.

உரக்கச் சொன்னான்.

செனோன் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். மெதுவாகத்தான். கைக்குட்டையோடு எடுத்து அவன் இரண்டு கையிலும் வைத்தார்.

"பாத்து முடிச்சதும் மிச்சத்தத் திருப்பிக் கொடு. நான் இங்கயே இருக்கேன். இந்த லாரி போனா நாளைக்கு இன்னொரு லாரி."

ஆய்வு அறைக்காரர் குப்பியைத் தொட்டுப் பார்த்துத் தலையை ஆட்டினார். வழக்கமாக எங்கள் ஆஸ்பத்திரியில் குப்பி ஜன்னலோரத்தில் கிடந்து காயும், அல்லது யாராவது புத்திசாலி அதை ஐஸில் வைப்பான், கிருமி செத்துவிடும். "உடம்புச் சூட்டுல இவ்வளவு பத்திரமா வெச்சு எனக்கு யாருமே கொடுத்ததில்ல. இவர வேலைக்கு எடுத்துக்கலாம்" என்றார்.

சாயம் போட்டுப் பார்த்தார். ஒரு தடவை, இரண்டாம் தடவை, டாக்டரம்மாவைக் கூப்பிட்டு மூன்றாம் தடவை. கிருமி இல்லை. கழுதைகளைச் சாய்த்த அதே வைரஸாகத்தான் இருக்க வேண்டும். மிச்சமிருந்த மருந்து கடைசித் தூளிப் பையனுக்குப் போயிற்று. அவனுடைய தண்ணீர் கலங்கியிருந்தது.

டாக்டரம்மா தெல்மீராவை உட்காரவைத்து விளக்கினாள். காசியானோ மொழிபெயர்த்தான். இனி ஈரத்துணி போடுவது, உப்புத் தண்ணீர் ஏற்றுவது, இழுப்பு வந்தால் அதற்கு மருந்து, மற்றபடி காத்திருப்பது.

தெல்மீரா கேட்டாள். "இவ்வளவு சண்டை போட்டு, ஊசி போட்டு, லாரிக்குப் பின்னால ஓடி, ஒண்ணும் கொடுக்க வேணாம்னா கண்டுபிடிச்சிருக்கீங்க?"

காசியானோ அதை மொழிபெயர்க்கவில்லை. டாக்டரம்மாவுக்கு முகத்தைப் பார்த்தே புரிந்துவிட்டது. "ஆமாம்னு சொல்லு" என்றாள்.

ஆறு நாள் நெல்கிதா கண் திறக்கவில்லை. மூன்றாம் நாள் இழுப்பு வந்தது, இரண்டு தடவை. செனோன் நாளைக்கு இன்னொரு லாரி என்று சொல்லிச் சொல்லி ஆறு நாளும் என் பெஞ்சிலேயே இருந்தார். மீதிக் குப்பி அவர் சட்டைக்குள். இக்னாசியா உள்ளே உட்கார்ந்து ஆடுகளை முடித்துவிட்டு மாடுகளை ஆரம்பித்தாள்.

இதற்கு நடுவில் காசியானோவுக்கு வேலை நிற்கவில்லை. மறுநாளே ஒரு கிழவியைக் கொண்டுவந்தார்கள். அவளுடைய மகன்களிடம் அவன் பழக்கதோஷத்தில், "இது சதையும் இல்ல, ரத்தமும் இல்ல" என்று ஆரம்பித்தான். மூத்தவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"அந்தக் கதை வேணாம்ணே. நேத்து நீ லாரிகிட்டக் கேட்ட மாதிரி எங்ககிட்டயும் கேளு. தொப்பியக் கழட்டிட்டு."

அன்றிலிருந்து ஒவ்வொரு ஊசிக்கும் இரண்டு வீட்டிலும் கேட்க வேண்டியதாயிற்று. தாய் வீட்டு ஆள் ஒருவர், தகப்பன் வீட்டு ஆள் ஒருவர், இரண்டு பேர் உள்ளே போய் நின்றார்கள். பார்த்து முடித்த மிச்சத்தைக் கேட்டவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். நேரம் இரட்டிப்பாயிற்று. ஆனால் தூளியோடு தூக்கிக்கொண்டு ஓடுவது நின்றது. ஆஸ்பத்திரித் தலைவர் அந்த வருஷ அறிக்கையில், ஊசி அறையில் புதிதாகப் போட்ட குழல்விளக்கின் காரணமாக மக்களிடம் நம்பிக்கை கூடியிருக்கிறது என்று எழுதினார். விளக்கு நன்றாகத்தான் எரிந்தது, இல்லை என்று சொல்ல முடியாது.

தலைநகரத்துக்குப் போன அரசாங்கப் பங்குக்குப் பதில் ஐந்து மாதம் கழித்து வந்தது. நெல்கிதா என்ற ஆண், வயது அறுபத்தொன்று, கழுதைக் காய்ச்சலின் வைரஸ் இருப்பது உறுதி, தகுந்த நடவடிக்கை எடுக்கவும். அதற்குள் அந்தத் தகவல் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அதெல்லாம் பின்னால். ஊசி போட்ட ஏழாம் நாள் காலையில் நெல்கிதா கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். அன்று மத்தியானம் செனோன் லாரி ஏறினார். போகும்போது காசியானோவின் தோளைத் தட்டி, "புள்ளய நல்லாப் பாத்துக்க, ரத்தம் எங்களுது" என்றார். இடது கையில் ஒரு சின்ன நடுக்கம் மட்டும் நெல்கிதாவுக்குத் தங்கிவிட்டது. முன்னைப்போல வேகமாகப் பின்ன வராது. பின்னுவாள், மெதுவாக.

எழுந்து உட்காரத் தெம்பு வந்ததும், வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாரும் அவளிடம் அந்தக் கதையைச் சொன்னார்கள். மூன்று குப்பி, மூன்று பங்கு, லாரி, தொப்பி. அவள் சிரிக்காமல் கேட்டுக்கொண்டாள். சாயங்காலம் காசியானோ கஞ்சி கொண்டுவந்தபோது நானும் அருகில் இருந்தேன்.

"மாமா, சதை உங்க வீட்டுது."

"ஆமா."

"ரத்தம் அவங்க வீட்டுது."

"ஆமா."

"தண்ணி பொது."

"அப்படித்தான் முடிவாச்சு."

"முதுகு யாருது?"

காசியானோ கஞ்சியைக் கலக்கினான்.

"எல்லார்கிட்டயும் கேட்டிருக்கீங்க. அரசாங்கத்துகிட்டக்கூடக் கேட்டிருக்கீங்க. என்கிட்ட யாரு கேட்டா?"

"உனக்கு அப்ப நினைவே இல்லடி."

"இப்ப இருக்கே."

காசியானோ என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன். அக்காவாக இருந்தாலும் எல்லாவற்றிலும் உதவ முடியாது. கஞ்சியைக் கீழே வைத்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தன் அக்கா மகளிடம், நடந்து முடிந்துபோன ஊசிக்கு ஒழுங்காகச் சம்மதம் கேட்டான்.

நெல்கிதா கஞ்சியை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"யோசிச்சுச் சொல்றேன் மாமா" என்றாள்.